முனியாண்டியின் சிவப்புப் பொடி

நாலு ஏக்கர் நிலத்தில் தன்னந்தனியாக வளர்ந்தவள் நான் என்று சொன்னால், கேட்பவர்கள் ஏதோ ஜமீன் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் கொஞ்ச நேரம் அப்படியே நினைக்க விடுவேன். பிறகுதான் சொல்வேன், அது டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சந்தின் கோடியில் இழுத்து மூடப்பட்ட பேட்டரி ஆலை என்று. அப்பா அதன் காவலாளி. கேட்டை ஒட்டிய இரண்டு அறைகளில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது.

அப்பா இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குவார். அம்மாவுக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அண்ணன் பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான், அதாவது தப்பித்திருந்தான். என் வகுப்புப் பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்கள் எங்கள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். மூன்று மொழிகளில் 'உள்ளே நுழையாதே' என்று எழுதிய பலகை ஒரு காரணம். உள்ளேயிருந்து அடித்த புளித்த நெடி இன்னொரு காரணம். ஆக, எனக்குப் பேச்சுத்துணை முனியாண்டி ஒருவர்தான்.

முனியாண்டி என்பது மதிலோரம் மரத்தடியில் இருந்த முழங்கால் உயரக் கல். ஆலை ஓடிய காலத்தில் வேலையாட்கள் வைத்துக் கும்பிட்டது. போகும்போது கல்லையும், அதன் பின்னால் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சிவப்புப் பொடியையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சிவப்புக்கு முன்னால், லிட்டில் இந்தியாவில் அம்மா வாங்கும் குங்குமம் சாயம் போனது மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அப்பா கல்லுக்குப் பூசிவிட்டுத் தானும் இட்டுக்கொள்வார். நான் கிழமை பார்ப்பதில்லை. தினமும் சாமிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இட்டுக்கொண்டு, பள்ளியில் நடந்ததையெல்லாம் முனியாண்டியிடம் சொல்வேன். குறுக்கே பேசாமல் கேட்பார். பின்னாளில் எனக்கு வாய்த்த கணவரிடம் அந்தக் குணம் இல்லை.

அந்த வருடப் பள்ளி விடுமுறையில் ஒரு நீல வேன் வந்தது. நிலத்தில் அடுக்குமாடி கட்டப் போகிறவர்கள், மண்ணில் என்னென்ன நஞ்சு கிடக்கிறது என்று பார்த்துவர ஆள் அனுப்பியிருந்தார்கள். துளை போட இரண்டு மலாய்க்காரர்கள்; அவர்களுக்கு மேல் கேஎல், அதாவது கோலாலம்பூர்க்காரர் ஒருவர், தமிழர், முப்பது வயது, பெரிய கண்ணாடி. மண் அண்ணன் என்று நான் பெயர் வைத்தேன். இன்று முளைக்குச்சி அடிப்பார்கள். நாளை குச்சியடியில் இரும்புத் திருகால் துளைத்து, சாணுக்கு ஒரு பிடி மண்ணாக எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். புட்டிக்கு ஒட்டும் எண் சீட்டுகளை எடுத்து நீட்டும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

"மண்ணைத் தொடாதே, தங்கச்சி. சீட்டு மட்டும்."

"மண்ணுக்குக் காய்ச்சலா அண்ணே, ஐஸ் வைக்கிறீங்க?"

"அப்படித்தான் வச்சுக்கயேன். எங்க காயுதுன்னு பாக்கறோம்."

"காஞ்சா?"

"திரும்ப வந்து, சுத்தி நாலு குழி தோண்டுவோம். எது வரைக்கும் பரவியிருக்குன்னு தெரியணும்ல."

"காயலன்னா?"

"வேன எடுத்துட்டு கேஎல் போயிடுவோம்லா!"

பழைய உலைப் பக்கம் காய்ச்சல் கடுமையாக இருந்ததால் அவர்கள் இரண்டு தடவை திரும்ப வந்தார்கள். அந்த நாட்களில் நான் முனியாண்டியிடம் அதிகம் பேசவில்லை. பொட்டு வைத்துக்கொள்வதோடு சரி. மனிதத் துணை கிடைத்ததும் சாமியை மறப்பது பெரியவர்களிடம் மட்டும் உள்ள குணம் அல்ல.

கடைசியாக எங்கள் வீட்டுப் பக்கம் எட்டுக் குச்சி அடித்தார்கள். "இங்க சுத்தமாத்தான் இருக்கும் அண்ணே. நாளைக்கு எடுத்துட்டா எங்க வேலை முடிஞ்சுச்சு. வெட்டி அள்ளறதுக்கு வேற ஆளுங்க வருவாங்க," என்று அப்பாவிடம் சொன்னார் மண் அண்ணன். அப்பாவுக்குச் சந்தோஷம். வீட்டுப் பக்கம் சுத்தமாக இருந்தால், கட்டடம் எழும்பும்வரை நாங்கள் அங்கேயே குடியிருக்கலாம் என்று பேச்சு. என் காதில் விழுந்தது 'எங்க வேலை முடிஞ்சுச்சு' மட்டும்தான்.

மண் சுத்தமாக இருந்தால் போய்விடுவார். அழுக்காக இருந்தால் வருவார். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? வேன் போனதும் எட்டுக் குச்சிகளுக்கும் வேலை பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீர். சாக்கடைச் சேறு. கொசுவத்திச் சாம்பல். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. சாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று டின்னைத் தூக்கி வந்து, ஒவ்வொரு குச்சியடியிலும் விரலால் குழி செய்து, ஒரு சிட்டிகைப் பொடி வைத்து மூடினேன். மண் அண்ணன் திரும்ப வரணும், முனியாண்டி. எட்டு முறை.

மறுநாள் வந்து மண் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீல வேன் வந்தது. நன்றிக்கடனாக அன்று பொட்டு ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு இருந்தது.

மண் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. காகிதத்தை வைத்துக்கொண்டு குச்சிக்குக் குச்சி குந்தினார். "மேல் சாண்ல மட்டும் இருக்கு. கீழ ஒண்ணுமே இல்ல. எட்டு குழியிலயும் இப்படியா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நிமிர்ந்தவர், என் நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"தங்கச்சி, இது என்ன பொட்டு?"

"முனியாண்டி பொட்டு."

டின்னைக் காட்டினேன். கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார். பிறகு கைக்குட்டையை நனைத்து என் நெற்றியை அழுத்தித் துடைத்தார். ஒரு தடவை அல்ல, தோல் எரியும்வரை. இவர் நம் சாமி கும்பிடாதவர் போல, என்று நினைத்துக்கொண்டேன். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பினார்.

"சாமி பொடி, தம்பி," என்றார் அப்பா. "பழைய ஆளுங்க வச்சது. அது என்ன செய்யும்லா?"

"அண்ணே, இது பேட்டரி தகட்டுக்குப் பூசற பொடி. ஈயம். ஸ்டோர்ல சும்மா கிடைச்சுது, கலர் நல்லா இருந்துச்சு, எடுத்து சாமிக்குப் போட்டிருக்காங்க."

அப்பா தன் வலது கை மோதிர விரலை வேட்டியில் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

"குச்சியடியில நீதான் வச்சியா?" என்று மண் அண்ணன் என்னிடம் கேட்டார். நீங்கள் திரும்ப வர வேண்டும் என்றுதான் வைத்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாக என்னை வேன் படியில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்தார்.

வயிறு வலிக்குமா என்று கேட்டார். வலிக்கும் என்றேன். எழுதிக்கொண்டார். தலை வலிக்குமா? வலிக்கும். அதையும் எழுதினார். என்னைப் பற்றி ஒருவர் நோட்டில் எழுதுகிறார்! முழங்கால் வலியைச் சேர்த்தேன். அவர் கேட்காத காது வலியையும் கொடுத்தேன். ஏழெட்டு எவ்வளவு என்றார். ஐம்பத்து நாலு என்றேன். அதைக் கேட்டு அவர் முகம் மாறியது. அது பொடியின் வேலை அல்ல, நான் கணக்கில் எப்போதும் அப்படித்தான் என்பதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. மறுநாள் அப்பா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தம் எடுத்ததும், வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மருத்துவர் பல மாதம் வரச் சொன்னதும், அந்த வாரமே நாங்கள் வீட்டைக் காலி செய்ததும் பிறகு நடந்தவை. வேன் படியில் உட்கார்ந்திருந்தபோது, நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. இங்க உன்கூட விளையாட வேற பிள்ளைங்க யாராச்சும் வருவாங்களா? ஒருத்தராச்சும்?"

அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனையோ நாள் இருந்திருக்கிறேன். அன்று நான் பொய் சேர்க்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

"யாருமே வரமாட்டாங்க அண்ணே. நான் மட்டும்தான்."

அவர் கண்ணை மூடி, நெஞ்சிலிருந்து பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "நல்ல வேளை," என்றார்.

நான் படியைவிட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டேன். அவர் இரண்டு தடவை கூப்பிட்டதற்கும் வரவில்லை. வேன் கேட்டைத் தாண்டும்போது மண் அண்ணன் வேன் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினார். நான் ஜன்னலில் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.