மிச்சம் வைத்த மீன் துண்டு

எண்பதுகளின் கடைசியில் நான் உணவியல் படித்தது ஒரு அறக்கட்டளை தந்த உதவித்தொகையில். வீடு வீடாகப் போய், குடும்பத்தில் ஒவ்வொருவரும் சாப்பிடுவதைத் தராசில் நிறுத்து எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருடமும் பணம் வரும்.

ஒரு ஞாயிறு மதியம், அண்ணனூரில் கர்ப்பிணியான செல்வியின் வீட்டுக்குத் தராசோடு போனேன். மாமியார், தன் மகன் தட்டில் மட்டும் இரண்டு துண்டு மீன் வைத்தார். செல்வியின் புருஷன் ஒன்றைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனார். மிச்சத்தை நிறுத்து, 'வீண்' என்று எழுதி, கழுநீர் வாளியில் கொட்டினேன். புருஷன் தட்டிலேயே பெண்டாட்டி சாப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

திரும்பி வந்தவர் வாளியைப் பார்த்தார். தராசு சுவரில் மோதி உடைந்தது. அடுத்துப் பறந்து வந்த தட்டு என் காதைக் கிழித்தது.

"இன்னாம்மா பண்ணிகினு கீற? அது அவ துன்றதுக்கு வுட்ட மீனு! எங்கம்மா அவளுக்கு ஒரு துண்டு போடாது. நான் மிச்சம் வுட்டாதான் உண்டு!"

கத்திக்கொண்டே அரிவாள்மனையைத் தூக்கினார். மாமியார் அலறினார். செல்வி குறுக்கே பாய்ந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடுக்கா!" என்றாள். ரத்தம் வழிய, செருப்புகூடப் போடாமல் ரயில்வே ஸ்டேஷன் வரை ஓடினேன்.

'வீண்' என்பதை அடித்துவிட்டு, 'மனைவிக்கு' என்று எழுதித்தான் அறக்கட்டளைக்கு அனுப்பினேன். உதவித்தொகை நிற்கவில்லை. காதுத் தழும்பும் போகவில்லை.

இப்போது நான் உணவு ஆலோசகர். யார் தட்டில் எது மிஞ்சியிருந்தாலும், "இது யாருக்கு?" என்று கேட்காமல் தொடுவதில்லை.