பொன்னாடைக்கு இருந்த பணம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் மன்றம் என்று ஒன்று இருந்தது. கட்டணம் கட்டும்போதே மன்றத்துக்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். அது எங்கள் பணம். ஆனால் அதில் ஒரு கருத்தரங்கு நடத்த வேண்டுமானால் நிதிக்குழுவின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். குழுவில் இருந்த மூன்று பேராசிரியர்களும் ஏதோ தங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். எழுபதுகளின் கடைசியில் அந்த மன்றத்துக்கு நான் செயலாளராக இருந்தேன். கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேறு யாரும் முன்வராததால் கிடைத்த பதவி அது.

ஏரிப் பாசனம் பற்றி உத்திரமேரூரிலேயே ஒரு நாள் கருத்தரங்கு நடத்தலாம் என்று சொன்னது நான்தான். எங்கள் ஊர் அதை அடுத்த சாலவாக்கம் பக்கம். ஏரிக்கரையில் கால் வைக்காமலேயே ஏரிப் பாசனத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எங்கள் துறையில் இருந்தார்கள். அவர்களை ஒரு நாளாவது ஒரு கரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். எங்கள் ஊர் நீர்க்கட்டியைப் பேச வைப்பது என் திட்டம். மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறவர் அவர். ஊர்க்கோடிக் காலனியில் குடியிருந்தார். போய்க் கேட்டபோது சிரித்தார்.

"நான் இன்னாத்த பேசறது பாப்பா? தண்ணி எப்டி வுடறன்னு கேட்டா சொல்றேன். ஆனா மாசியில மொற பாஞ்சிக்கினு இருக்கும். மதவாண்ட ஓராள நிக்க வெச்சிட்டுதான் வரணும். அவனுக்கு ஒரு நாளு கூலி குடுக்கணும்."

"அத நாங்க குடுத்துடறோம்" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

விண்ணப்பத்தில் மதகில் நிற்கும் மாற்றாளுக்கு ஒரு நாள் கூலி என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். குழுவின் தலைவர் அதைப் படித்துவிட்டு மற்ற இருவருக்கும் காட்டினார். மூவரும் சிரித்தார்கள்.

"கூலி குடுக்க இது என்ன சாலை போடற வேலையா? கூலின்னு ஒண்ணு நம்ம விதியிலேயே கிடையாதும்மா. அவரை விருந்தினர்னு போடுங்க. பொன்னாடை போத்திடலாம்" என்றார் தலைவர்.

பொன்னாடைக்கு விதி இருந்தது. மாலைக்கு இருந்தது. மேடைக்குப் பின்னால் கட்டும் துணிக்கு, குத்துவிளக்கு வாடகைக்கு, குரூப் போட்டோவுக்கு, தலைவரைத் தனிக் காரில் ஏற்றிப் போய் மறுபடி வீட்டில் இறக்கிவிட, எல்லாவற்றுக்கும் இருந்தது. கருத்தரங்கில் சொல்வதற்கு உருப்படியாக ஏதாவது வைத்திருந்த ஒரே மனிதருக்கு மட்டும் இல்லை. வாயை மூடிக்கொண்டு அவரைச் சிறப்பு விருந்தினர் என்று எழுதிக் கொடுத்தேன். கூலியைப் பிறகு சண்டை போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் விழா. பத்து மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். தலைவரின் கார் பதினொன்றரைக்கு வந்தது. வழியில் காஞ்சிபுரத்தில் இறங்கி அவர் மனைவிக்குப் பட்டுப்புடவை பார்த்தார்களாம். பிறகு விளக்கேற்றினார்கள். தலைவர், வராத துணைவேந்தரைப் புகழ்ந்தார். மற்ற இருவரும் தலைவரைப் புகழ்ந்தார்கள். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மின்விசிறி ஓடாத கூடத்தில், அந்தப் புழுக்கத்தில், கடைசி வரை அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த வைராக்கியத்தை மட்டும் மெச்ச வேண்டும். ஏரி என்ற சொல் வரவேற்புரையில் ஒரே ஒரு தடவை வந்தது. அதுவும் நான் எழுதிக் கொடுத்த உரை.

நீர்க்கட்டி ஒன்பது மணிக்கே வந்து கடைசி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒன்றேகாலுக்கு அவருடைய முறை வந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் ஆயிடுச்சும்மா, சாப்பாடு ஆறிடும். இவரை கௌரவிச்சிடுவோம், போதும்."

மேடைக்கு அழைத்தோம். தலைவர் பொன்னாடையை எடுத்து என் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்க, உங்க ஊர்க்காரர்தானே" என்றார். அவர் எந்தத் தெருக்காரர் என்று தலைவர் முன்பே விசாரித்து வைத்திருந்தார். போர்த்தினேன். போட்டோ எடுத்தார்கள். நீர்க்கட்டி மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேடையை விட்டு இறங்கிவிட்டார். பிற்பகலில் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போவதாகத் திட்டம். சாப்பிட்டு முடித்ததும் தலைவருக்குக் கண்ணைச் சுழற்றியது, கார் நேரே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது.

நானும் நீர்க்கட்டியும் பஸ்ஸுக்கு நின்றோம்.

"பேச சொல்லலியே பாப்பா. சரி, போவட்டும். அந்தாளு கூலி?"

"வாங்கி அனுப்பறேன்."

என்னிடம் அப்போது பணம் இருந்தது. அந்தக் கூலியைப்போல மூன்று பங்கு இருந்தது. கொடுக்கவில்லை. பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டியதை நான் கொடுத்து அவர்களைத் தப்பவிடக் கூடாது என்பது என் கொள்கை. விடுதிக்குத் திரும்பியதும் மனு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். நான்காவது மனுவை மன்றத்தின் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டினேன். மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பங்குனி முடியும்போது, இதரச் செலவு என்று போட்டுப் பணத்தை விட்டெறிந்தார்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். நீர்க்கட்டி வாய்க்காலில் மண் வெட்டிக்கொண்டிருந்தார். நான் போராடி ஜெயித்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"மதவாண்ட நின்னவன் மறுநாளே கூலிக்கு வந்து நின்னுட்டான் பாப்பா. வரும் வரும்னு சொல்லிக்கினே இருந்தேன். எத்தினி நாளு சொல்றது? அவன் கெணறு வெட்டப் போற எடத்துல, அவனுக்கு பதிலா நான் ஒரு நாளு எறங்கி வெட்டி கழிச்சிட்டேன்."

மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு கேட்டார்.

"அன்னிக்கு பஸ்ஸாண்ட டிக்கெட்டுக்கு காசு எடுத்தியே, நான் பாத்தேன். உன்கிட்டதான் இருந்துச்சே. அத குடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும் இல்ல?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த மூன்று பேராசிரியர்களை இன்றைக்கும் நான் மனிதர்களாக மதிப்பதில்லை. ஆனால் அவர்களை நம்பி அவர் மதகை விட்டு வரவில்லை. என்னை நம்பித்தான் வந்தார். என் கொள்கைக்காக அவர் ஒரு நாள் கிணற்றில் இறங்கியிருக்கிறார், நான் பலகைக்கு முன்னால் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பணத்தை நீட்டினேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"கொஞ்சம் நவுரு பாப்பா. வெட்டற எடத்துல நிக்கற" என்றார்.