கொல்லையில் கிடக்கும் எல்லைக்கல்

அன்றைக்குச் சர்வேயர் கேட்டபோது அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் தெரியும் என்று தோன்றுகிறது. மறுநாள் தெரியாது என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டிய ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் பூமி. போர் போட்டால் வருகிற தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்க ஏரிதான். ஏரிக்குள் ஒரு கிணறு, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டி, தொட்டியிலிருந்து தெருக்குழாய். ஏரிக்கு மழைத்தண்ணீர் ஓடிவரும் மேட்டு நிலத்தை அளந்து, எல்லை போட்டு, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியாக அறிவிக்கப்போகிறார்கள் என்று கிராம சபையில் சொன்னபோது முதலில் கை தட்டியது நான்தான். எல்லைக்குள் கொட்டகை கூடாது, குவாரி கூடாது, கழிவு கொட்டக் கூடாது என்றார்கள். என் மகள் அப்போதுதான் தம்ளரில் தண்ணீர் குடிக்கப் பழகியிருந்தாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஏரிக்கு மேலே, ஓடையைத் தாண்டி இருக்கும் எங்கள் மேட்டுக்காடும் அந்த எல்லைக்குள் வரும் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் கணவருக்கு உறைத்திருந்தது. சிமெண்ட் ஆலையில் அவருக்கு ஒப்பந்த வேலை, எந்த மாதமும் நின்றுபோகலாம். மேட்டுக்காட்டில் கோழிப்பண்ணை போடுவது என்று முடிவுசெய்து, அளவைக்கு ஆறேழு மாதம் முன்பே ஜேசிபி வைத்து நிலத்தைச் சமன் செய்திருந்தார்.

சமன் செய்த அன்று மாலை டிராக்டரில் ஒரு கருங்கல் வீட்டுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். காட்டில் நீளமான கல் கிடைத்தால் அது துணி துவைக்கவோ மாடு கட்டவோ வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கொல்லையில் அப்படி ஒரு கல் கிடக்கிறது. யாரும் அதை எடுத்து வந்ததாகக்கூட நினைப்பதில்லை. எங்கள் கல்லின் தலைப்பக்கத்தில் குறுக்குக் கோடும் அம்புக்குறியும் வெட்டியிருந்தன. சோப்பு நுரை அந்தக் கோட்டில் தங்கும். கல் உடைத்தவர் போட்ட குறி என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா? நான் கணிதம் படித்தவள். கோட்டையும் அம்புக்குறியையும் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தெரியாதவள் அல்ல.

அளக்க வந்த அன்று வி.ஏ.ஓ. என்னையும் கூப்பிட்டார். அங்கேயே சாட்சி வாக்குமூலம் எழுத வேண்டும், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்றார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரையிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினார்கள். கடைசி மூலைக்கல் எங்கள் காட்டின் மேல்கோடியில் இருக்க வேண்டும். இல்லை.

"இந்த எடத்துல ஒரு கல்லு இருக்கணுமே, தலையில அம்புக்குறி வெட்டியிருக்கும். யாராச்சும் பாத்தீங்களா?" என்று சர்வேயர் கேட்டார்.

"கல்லுக்குக் கால் மொளச்சி டவுனுக்குப் போயிருக்கும் சார்" என்றார் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் கணவர் சிரிக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்தே ஓடையின் கரைதான் எல்லை என்று நிதானமாகச் சொன்னார். பக்கத்துக் கற்களிலிருந்து அளந்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் நடுவில் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேல முள். வெயில் ஏறிவிட்டிருந்தது. சர்வேயர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்திருக்கீங்களாம்மா?"

"இல்லைங்க சார்."

அந்த நேரத்தில் என் கண் முன்னால் கொல்லை வந்ததா? நுரை தங்கிய கோடு வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். மகள் அழுதாள், அதனால் அவசரமாகச் சொல்லிவிட்டேன் என்றும் நினைக்கிறேன். 'மேற்படி மூலையில் கல் காணப்படவில்லை. ஊர் வழக்கப்படி ஓடையின் கரையே எல்லை' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அந்த ஒரு வரியில் எங்கள் காடு எல்லைக்கு வெளியே வந்துவிட்டது.

வரைபடத்தைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டி, ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரச் சொன்னார்கள். கெடு முடியும்வரை தினமும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போனேன். ஒரு நாள் மனுவும் எழுதினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே என் கணவரிடம் கல்லைப் பற்றிக் கேட்டேன்.

"கல்லப் பத்தி நான் ஒரு வார்த்த பேசுனனா? இல்லைன்னு சொன்னது நீ. எழுதிக் குடுத்ததும் நீ" என்றார். சத்தம் போடவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். மனுவை அடுப்பில் போட்டேன். பொய் சொல்லி எழுதியவள் என்று ஊர் பேசும், வழக்கு வரும், ஆபீஸுக்கு அலையும்போது பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று ஆயிரம் நினைத்தேன். அந்தத் தண்ணீரை யார் குடிக்கப்போகிறார்கள் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

இப்போது எல்லை அரசிதழில் வந்துவிட்டது. பண்ணையும் வந்துவிட்டது. எல்லைக்கு வெளியே இருப்பதால் காகிதத்தில் பண்ணைமேல் ஒரு குற்றமும் இல்லை. போன ஐப்பசி மழையில் பண்ணைக் கழிவு ஓடை வழியாக ஏரிக்கு இறங்கியது. மோட்டார் போடுகிறவர் எங்கள் வாசலில் நின்று, "எம்புட்டு குளோரின் போட்டாலும் அந்த வாட போவ மாட்டேங்குதும்மா" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. கொதிக்கவைத்துக் குடிக்கும்படி எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்திருந்தோம்.

மகள் இப்போது பால்வாடி போகிறாள். பாட்டிலில் கேன் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறேன். கூடப் படிக்கும் பிள்ளைகள் குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள். போன வாரம் அவளுக்கு வயிற்றுப்போக்கு. பாட்டிலைத் தோழியிடம் கொடுத்துவிட்டுக் குழாயில் வாய் வைத்தாளாம். அவள் கெடுத்த துணிகளை அந்தக் கல்லில்தான் துவைத்தேன்.

இதைப் படிப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அறிவித்து முடித்த எல்லையைத் திருத்தும்படி, பொய்யாக எழுதிக் கொடுத்தவளே போய்க் கேட்கலாமா? கேட்டால் யாரிடம் கேட்பது? வீட்டில் அவரிடம் சொல்லிவிட்டுப் போவதா, போய்விட்டு வந்து சொல்வதா? கல் கொல்லையில் அப்படியே கிடக்கிறது. கோடு இன்னும் தேயவில்லை.