பாடிக்கு ஒரு சட்டை

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அக்காவுக்குக் கோபம் வந்தால் மட்டும் அது வெளியே வரும். மற்றபடி ஊருக்கெல்லாம் அவன் ஏற்பாடு.

நாற்காலி, மேசை, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். யார் வந்து என்ன கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் "ஏற்பாடு பண்ணிடலாம்" என்று சொல்லிவிடுவான். நாற்காலி கேட்டவருக்கும் அதே பதில், தண்ணீர் லாரி கேட்டவருக்கும் அதே பதில், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னவருக்கும் அதே பதில். எப்படிச் செய்வது என்பதைச் சொன்ன பிறகுதான் யோசிப்பான். பாதி நேரம் எப்படியோ நடந்துவிடும். மீதி நேரம் கடையை முன்பக்கம் பூட்டிவிட்டுப் பின்பக்கமாகக் கிளம்பிவிடுவான். இப்படிப்பட்ட ஆளை நாம் வாய் ஓயாமல் திட்டுவோம். அவசரம் என்று வந்தால் அவனைத்தான் தேடிப்போவோம்.

அடுத்த தெருப் பெண் ஒருத்தி, விளம்பரப் படங்களில் உதவியாளராக இருந்தவள், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு படம் எடுக்கக் கிளம்பியிருந்தாள். கடைக்கு அவள் வந்தது நாற்காலி கேட்கத்தான். பேச்சோடு பேச்சாக, கதை முழுக்க ஒரே வீட்டில் நடக்கிறது, அந்த வீடுதான் அமையவில்லை என்று புலம்பினாள். பெரிய ஹால் வேண்டும். சமையலறையில் நின்றால் ஹால் தெரிய வேண்டும். வாடகை கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை.

"ஏற்பாடு பண்ணிடலாம்மா," என்றான் ஏற்பாடு. அக்கா வீடு அச்சு அசல் அப்படியேதான் இருந்தது. அந்த நிமிடமே அவனைப் படத்தின் மேனேஜர் ஆக்கிவிட்டாள் டைரக்டர்.

அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. மாமாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்து, அப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்திருந்தார். வீடு உறைந்துபோய்க் கிடந்தது. "நாலு பேர் வந்து போனா அவருக்கும் பொழுது போகும். தாராளமா எடுக்கட்டும்டா," என்றாள்.

ஏற்பாடு கதையைப் படித்தது அதற்கப்புறம்தான். முதல் பக்கத்திலேயே வீட்டுக்காரர் செத்துப்போயிருந்தார். ஹால் நடுவில் கிடத்தியிருக்கிறார்கள். மனைவி சமையலறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள். அந்த ஒரு நாள்தான் மொத்தப் படமும்.

அவன் கதையை மூடிக் கல்லாவுக்குள் தள்ளினான். டார்ச் லைட்டில் பேட்டரி செத்துப்போச்சு என்று வாய்தவறிச் சொன்னதற்கே ஒருநாள் முழுக்க அவனோடு பேசாமல் இருந்தவள் அக்கா. தொடரில் யாராவது இருமினால் போதும், டிவியை அணைத்துவிடுவாள்.

"என்ன கதைடா?" என்று அவளே கேட்டாள்.

"குடும்பக் கதைதான்க்கா. ஹால்ல சொந்தக்காரங்க எல்லாம் கூடியிருக்கிற மாதிரி ஒரு சீன்."

"கல்யாணமா?"

"அந்த மாதிரி... எல்லாரும் வருவாங்கக்கா." மீதியை மென்று முழுங்கினான். டைரக்டர் கேட்டபோது, அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று அங்கேயும் அடித்துவிட்டான்.

வீட்டைப் பார்த்துவைக்க ஒரு மதியம் எல்லோரும் வந்தார்கள். கேமராமேன் மூலைக்கு மூலை போய் நின்றான், தரையில் படுத்தான், சமையலறை மேடைமேல் ஏறி உட்கார்ந்தான். பிறகு, வீடே அதிரும் குரலில் சொன்னான்: "பாடியை நடு ஹால்ல வெச்சிடலாம். கிச்சன்லேர்ந்து பாத்தா கால் மட்டும் தெரியும்."

அக்கா டீத் தட்டோடு வாசற்படியில் நின்றாள். "என்ன பாடி?"

"கேமராக்கா!" ஏற்பாடு பாய்ந்து வந்தான். "லென்ஸைக் கழட்டிட்டா மிச்சம் இருக்கிறதுக்குப் பேரு பாடி. அவங்க தொழில்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"கால்னு சொன்னாரே?"

"ஸ்டாண்டுக்குக் கால் இல்லையா? மூணு கால்."

கேமராமேன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் சொன்னதில் ஒரு பிழையும் இல்லையே. கேமராவுக்குப் பாடி என்றுதான் பெயர், ஸ்டாண்டுக்கு மூன்று கால்தான். டீயை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. புதிதாக ஒரு தொழில் வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் அக்கா அதை விடவே இல்லை. போன் செய்தாலே, "பாடி எப்படா வருது?" என்பாள். "வாடகைப் பாடியாமே, பத்திரமா வெச்சுக்கணும். உள் ரூமை ஒழிச்சுத் தரவா?" என்பாள். ஒருநாள், "சும்மா வெச்சிருந்தா பாடி சூடாயிடாதா? ஃபேனைப் போட்டு வைக்கலாமா?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ சாக்குச் சொல்லிப் போனை வைத்துவிடுவான். வாயால் வந்த வினை என்று தன்னையே நொந்துகொண்டான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் கிளம்புவான். போனால், அக்கா ஸ்டூல் போட்டு ஏறி ஹால் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருப்பாள். படத்தில் வீடு அழுக்காகத் தெரியக்கூடாதாம். பாட்டு வேறு முணுமுணுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வாயில் பாட்டு வந்தது அப்போதுதான். அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பது பாதி, தைரியம் வரவில்லை என்பது மீதி.

மாமா சாய்வு நாற்காலியிலிருந்து கூப்பிடுவார். "மாப்ள, எனக்கும் ஒரு வேஷம் குடுக்கக் கூடாதா? ஓடக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சும்மா படுத்திருக்கிற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லு."

குடித்த டீ ஏற்பாட்டுக்குப் புரையேறிவிட்டது. மாமா ஒன்றும் தெரியாதவர்போல் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், படத்தில் வீட்டுக்காரராக வரும் அப்பா பாத்திரத்துக்குப் பழகிய சட்டை ஒன்று வேண்டும் என்று அவனிடம் கேட்டாள். கடைச் சட்டை கேமராவில் பல்லைக் காட்டுமாம். அக்கா அலமாரியைத் திறந்து மாமாவின் வெளிர்நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "இப்ப அவருக்குத் தொளதொளன்னு இருக்கு. யாராவது போட்டா நல்லாத்தானே இருக்கும்," என்றாள். அப்பா பாத்திரம் படம் முழுக்க என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அன்று இரவு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். "உங்க கடையில நாற்காலியை மட்டும் வாடகைக்கு விடுங்க. வாயை விடாதீங்க," என்றாள் மனைவி.

டைரக்டரிடமாவது உண்மையைச் சொல்லி வேறு வீடு பார்க்கலாம் என்று ஒருநாள் அவளைத் தேடிப்போனான். அவள் தரையில் உட்கார்ந்து காட்சிகளைப் படமாக வரைந்துகொண்டிருந்தாள். எல்லாப் படத்திலும் அக்காவின் ஹால். ஜன்னல் கம்பி, சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு உட்பட எல்லாம் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள்.

"நடிகைக்கு லீவு கிடைச்சிருக்கிறது அடுத்த வாரம் மட்டும்தான் அண்ணா. கேமராவும் அந்த வாரம்தான் கிடைக்கும். நல்லவேளை, வீட்டைப் பத்தி மட்டும் எனக்குக் கவலையே இல்ல. அது போச்சுன்னா படமே இல்ல," என்றாள்.

"அதெல்லாம் பக்காவா ஏற்பாடு பண்ணியாச்சும்மா," என்றது அவன் வாய். அவனே அந்த வாயை ஓங்கி அறைந்திருப்பான், யாரும் பார்க்காமல் இருந்தால்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் சாமான்கள் வந்து இறங்கின. விளக்குகள், சுருள் சுருளாக வயர், அவன் கடை நாற்காலிகள். ஏற்பாடு வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவே காலில் வெந்நீர் கொட்டியவன்போல் ஓடிக்கொண்டிருந்தான். யார் வாயில் என்ன வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவன், ஒரு விளக்கை இறக்கிவைக்க வெளியே போன நேரத்தில் அது நடந்தது. உடைக்காரப் பெண் கையில் சட்டையோடு நேரே அக்காவிடம் போய்விட்டாள்.

"அம்மா, ஊசி நூல் இருக்குமா? பாடிக்கு இந்தச் சட்டை தோள்ல பெரிசா இருக்கு."

அக்கா சிரித்தாள். "கேமராவுக்கு எதுக்கும்மா சட்டை?"

விளக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான் ஏற்பாடு. "அது... மழை வந்தா நனையாம இருக்கக்கா. ஒரு உறை மாதிரி."

"பொத்தான் வெச்ச உறையா?"

ஏற்பாடு அதை வாங்கக் கை நீட்டினான். அக்கா சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தாள். பைக்குப் பக்கத்தில் அவளே போட்ட தையல் இருந்தது. அந்தத் தையலைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு நடு ஹாலைப் பார்த்தாள். ஒழித்து, கழுவி, வெறுமையாக விட்டிருந்த இடம். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஹாலில் இருந்தவர்கள் அப்படி அப்படியே நின்றார்கள். டைரக்டர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, உங்களுக்குத் தெரியும்னு அண்ணன் சொன்னாரு. நாங்க எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடறோம்," என்றாள். தரையில் கிடந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அக்கா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். தம்பியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"முன்கதவு வழியா கொண்டு வர முடியாதுடா. ஒரு பக்கம்தான் திறக்கும், தூக்கிட்டு வந்தா திரும்பாது. பக்கத்துக் கதவு வழியாத்தான் வரணும். இந்த அலமாரியை அந்தச் சுவர் ஓரமாத் தள்ளணும். சோபா எந்த ரூமுக்குள்ளயும் போகாது, தூக்கி வெளியே போடணும்."

"அக்கா..."

"உள்ள ஆபரேஷன் நடந்துக்கிட்டிருந்தப்ப வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்ல? நீ டீ வாங்கப் போயிருந்தே. அப்ப எல்லாத்தையும் நினைச்சுப் பாத்துட்டேன். எங்க வைக்கிறது, யார் எங்க உட்காருவாங்க, எல்லாம். நாற்காலிக்கு மட்டும் நான் கவலைப்படல. நீ ஏற்பாடு பண்ணிடுவேன்னு நினைச்சேன்."

ஏற்பாடு சுவரில் சாய்ந்துகொண்டான். அன்று டீ வாங்கப் போனவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தவன். "ஒண்ணும் ஆகாதுக்கா, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு" என்று எதைச் சொன்னோம் என்று தெரியாமலே சொன்னவன்.

"யார்கிட்டயும் நான் சொல்லல. வெளிய சொன்னா நடந்துடுமோன்னு பயம்," என்றாள் அக்கா. "அவரு வீட்டுக்கு வந்துட்டாரு. எனக்கு மட்டும் இந்த ஹால்ல இன்னும் அது கிடக்குது. நீ வந்து, அக்கா இப்படி ஒரு சீன் எடுக்கிறாங்கன்னு கேட்டிருந்தா, உன்கிட்டயாவது சொல்லியிருப்பேன்ல? ஏன்டா கேக்கல?"

"நீ பயந்துடுவேன்னு..."

"பயந்துக்கிட்டுத்தானேடா இருக்கேன்!"

ஏற்பாடு சுவரை விட்டு நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வேணாம்க்கா. எல்லாத்தையும் எடுத்துடச் சொல்றேன்."

"இங்கயே எடுக்கட்டும். குடுத்த வாக்கு குடுத்ததுதான். இந்தப் பொண்ணு முகத்தைப் பாரு, சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ." சட்டையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். "இதை மட்டும் தரமாட்டேன்."

ஏற்பாடு சட்டென்று தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். "என்னோடதைப் போட்டுக்கட்டும்க்கா. அளவும் சரியா இருக்கும்."

அவன் கையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. அதோடு, வருஷக்கணக்கில் அவன் கேட்டிராத தன் முழுப்பெயரும் காதில் விழுந்தது. "பொத்தானைப் போடுடா! நீ மட்டும் எனக்கு வேத்தாளா?"

கடைசியில் ஏற்பாடு கடைத்தெருவுக்கு ஓடினான். யாரும் போடாத, யாருடையதும் அல்லாத ஒரு சட்டை வாங்கிவந்தான். சாம்பல் நிறம். உடைக்காரப் பெண் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள், மொடமொடவென்று இருக்கிறது, புதுசு என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று. அக்கா அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்புறக் குழாயடிக்குப் போனாள்.

சோப்புப் போட்டுத் தேய்த்தாள், அலசினாள், முறுக்கிப் பிழிந்தாள், மறுபடி சோப்புப் போட்டாள். காலரைக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். சாயம் வாளித் தண்ணீரில் மங்கலாக இறங்கியது. ஏற்பாடு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டும்போதெல்லாம் சோப்பை எடுத்துக் கொடுத்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவனுக்கு நெஞ்சு அடைக்காமல் மூச்சு வந்தது.

மாமா கதவைப் பிடிக்காமல் மெல்ல நடந்து வந்து, பின்வாசலில் நின்றார். ஹாலில் நடந்ததை உள்ளறையிலிருந்து கேட்டாரா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாருக்குச் சட்டை?" என்றார்.

ஏற்பாடு அக்காவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. இனி ஒளித்து ஆவதற்கு ஒன்றும் இல்லை. "பாடிக்கு மாமா."

"கேமராவுக்கா?"

"இல்ல மாமா. கேமரா இல்ல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். மூணு காலாம்ல, மூணு கால்." மாமா படியில் மெதுவாக உட்கார்ந்தார். வாளியையும் மனைவியின் சிவந்துபோன கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல நிறமாத்தான் இருக்கு. எனக்கில்லையே?"

அக்கா சட்டையைப் பிழிந்தாள். ஒரு சொட்டு நீர்கூட மிச்சமில்லாமல் முறுக்கிப் பிழிந்தாள்.

"உங்களுக்கு இல்லைங்க," என்றாள். அதை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அவர் பக்கம் திரும்பி, அழுதுகொண்டே இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். "உங்களுக்கு இல்ல."