பன்னிரண்டாம் நம்பர் வீட்டிலிருந்து ஒரு போன் கால்

கதை கட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அங்கே இருந்த நாலு பேரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம். மற்ற மூன்று பேரிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அரசுத் தொலைக்காட்சியில் வியாழன்தோறும் மாலை நாலு மணிக்கு ஒரு நேரலை. மக்கள் போனில் குறை சொல்வார்கள், அதிகாரி பதில் சொல்வார். குழாய், குப்பை, தெருவிளக்கு. போனை எடுப்பது என் வேலை. விவரம் கேட்டு, "உங்க டி.வி. சத்தத்தைக் குறைங்க" என்று சொல்லி, லைனை ஸ்டூடியோவுக்குள் தருவேன். ஒன்பது வருஷமாக அதே வாக்கியம். தூக்கத்திலும் அதையே உளறுகிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அன்று வந்தவர் குடியிருப்புத் துறை இன்ஜினியர். இடிக்கப்போகும் ஒரு பழைய அடுக்குமாடியைப் பற்றிப் பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

4:22. மூன்றாவது லைன்.

"தம்பி... பன்னிரண்டாம் நம்பர் வீடு. மூணாவது மாடி. கதவு திறக்க மாட்டேங்குது."

வயதான பெண் குரல். வறண்டு கிடந்தது. பின்னால் எங்கள் நிகழ்ச்சி ஓடும் சத்தம்.

"உங்க டி.வி. சத்தத்தைக் குறைங்கம்மா."

"டி.வி. ஓடலையே தம்பி. கரண்ட்டே இல்லையே..."

ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்ஜினியரின் குரல். "எல்லாரையும் பத்திரமா வெளியேத்திட்டுத்தான் சீல் வெச்சோம்." ஒரு இருமல்.

கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

டம்ளரை வைத்தார்.

"எல்லாரையும் பத்திரமா வெளியேத்திட்டுத்தான் சீல் வெச்சோம்."

இருமினார்.

போனில் ஆறு விநாடி முன்னாலேயே கேட்டிருந்தது. வீட்டு டி.வி.யில் எப்போதும் ஸ்டூடியோவுக்குச் சில விநாடி தாமதமாகத்தான் கேட்கும். முந்திக் கேட்க வழியே இல்லை.

என் விரல் தானாக லைனை உள்ளே தள்ளியது. ஸ்டூடியோவில் வெறும் இரைச்சல். "ஹலோ... ஹலோ..." என்றார் தொகுப்பாளர் அக்கா.

என் காதில் மட்டும்...

டக். டக். டக்.

மரக்கதவில் தட்டும் சத்தம்.

பிறகு, அதே போனில், இன்ஜினியர் அழுதார். "சாவி என்கிட்ட இல்லம்மா..."

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

எண்ணினேன். வேண்டாம், வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே விநாடிகளை எண்ணினேன்.

நாலு...

ஐந்து...

அவர் முகம் கோணியது. காதிலிருந்த இயர்போனை இறுகப் பிடித்தார்.

"சாவி என்கிட்ட இல்லம்மா..."

4:26. லைன் செத்தது.

இயக்குநர் அவசரமாகத் திரையில் ஒரு பூப்படத்தைப் போட்டார்.

வராந்தாவில் இன்ஜினியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருந்தது.

"மூணாவது மாடிக்கு நான் ஏறவே இல்லைங்க. கீழயே நின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

5:40-க்குப் போலீஸோடு போனோம். மின்சாரம் துண்டித்த கட்டடம். எல்லாக் கதவுக்கும் வெளியே பூட்டு. பன்னிரண்டாம் நம்பரை உடைத்தார்கள்.

கதவுக்குப் பின்னாலேயே ஒரு வயதான அம்மா சுருண்டு கிடந்தார். சீல் வைத்துப் பதினோரு நாள். இறந்து ஒன்பது நாளாவது இருக்கும் என்றார் டாக்டர். வீட்டில் போனே இல்லை.

மறுநாள் பிணவறைக்கு அவருடைய தங்கை வந்தார். மற்றவர்களோடு அக்காவும் புது வீட்டுக்குப் போய்விட்டார் என்றே நம்பியிருந்தாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"உங்க அக்கா எங்களுக்குப் போன் பண்ணாங்கம்மா. என்கிட்டதான் பேசினாங்க."

தங்கை அழுகையை நிறுத்தினார். என்னையே பார்த்தார்.

"அக்காவா? வேற யாரோங்க. அவளுக்குப் பிறவியிலேயே காது கேக்காது... ஒரு வார்த்தை பேசினதில்ல."