ஜப்பான்காரனுக்கு ஆக்கிப்போட்ட பாரிஸ் சாப்பாடு

பாரிசுக்குப் போகிறவன் எதையெல்லாம் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் பாரிசைப் பார்த்ததில்லை. கெடாவைத் தாண்டிப் பினாங்குக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வரிசை எனக்கு மனப்பாடம். வெங்காய சூப், வெண்ணெயில் நத்தை, மீன் சூப், வைனில் வேகவைத்த கோழி, மாட்டிறைச்சித் துண்டும் பொரித்த உருளைக்கிழங்கும், வாத்து, கடைசியில் கருக்கிய சீனி ஊற்றிய முட்டைப் புட்டிங். ஜப்பான் காலத்தில் ஓர் அதிகாரி தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த வரிசை அது. அத்தனையையும் அவனுக்கு நான் ஆக்கிப் போட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். துரை பிரெஞ்சுக்காரர். பதினேழு வயதில் பங்களா குசினிக்குப் பாத்திரம் கழுவப் போனேன். சமைத்துக்கொண்டிருந்த சீனர் நோயில் விழுந்து ஊருக்குப் போனதும், துரைசாணி என்னையே அடுப்பு முன்னால் நிறுத்திவிட்டாள். நான்கு வருஷம் பக்கத்திலேயே நின்று, பாதி மலாயிலும் பாதித் தமிழிலும் சொல்லிக் கொடுத்தாள். தோட்டப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள் நான். அந்தப் பிரெஞ்சுப் பேர்களைக் காதால்தான் பிடித்தேன். வீட்டுக்கு வந்து சொல்லிக் காட்டுவேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஜப்பான்காரன் வந்தபோது துரையும் துரைசாணியும் காரில் தெற்கே ஓடினார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரப்பர் பால் வாங்க ஆளில்லாமல் மரம் வெட்டு நின்றது. பங்கீட்டு அரிசி மாதத்தில் பத்து நாளைக்குக்கூட வராது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு நட்டோம். காலையில் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. காலில் புண் வந்தால் ஆறவில்லை. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கிடையாது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என் மகளுக்கு இரண்டு.

அந்த நேரத்தில்தான் பங்களாவுக்கு அந்த அதிகாரி குடிவந்தான். மெல்லிய ஆள், கண்ணாடி போட்டவன், சத்தம் போட்டுப் பேசமாட்டான். அவனோடு ஒட்டிக்கொண்டது எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி. துரை இருந்தபோது துரைக்குக் கணக்கெழுதியவன், இப்போது ஜப்பான்காரனுக்கு இங்கிலீஷில் பேசி வேலை பார்த்தான். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அவனை ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டோம். இன்றைக்கு அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒரு நாள் காலையில் கிராணி லயத்துக்கே வந்துவிட்டான்.

“ஏ புள்ள, கெளம்பு. அதிகாரி கூப்பிடுறாரு. பிரெஞ்சு சாப்பாடு ஆக்கத் தெரிஞ்சவ இருக்கான்னு சொல்லியிருக்கேன்.”

“நான் போவல ஐயா. புள்ளக்கிக் காய்ச்ச.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் எடுக்கப் போறாங்க. லிஸ்டு என் கையிலதான். நீ ஆக்கிப் போடு, ஒன் வீட்டுக்காரன் பேரு வராது. நான் பாத்துக்கறேன்.”

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போனதும், “போவாத. இவன் வாய நம்பாத” என்றார். “சும்மா இருங்க, ஒங்களுக்காகத்தான்” என்று நான்தான் அடக்கினேன். அவர் கோபித்துக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டார்.

அதிகாரி என்னைக் குசினியில் பார்த்தான். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, வெங்காய சூப்பின் பிரெஞ்சுப் பேரை வாசித்தான். துரைசாணி சொல்வது போலவே நான் திருப்பிச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. படிக்கும் காலத்தில் பாரிசில் எட்டு மாதம் இருந்தானாம். தனக்குக் கீழே வேலை பார்க்கும் சின்ன அதிகாரிகள் ஆறு பேர் அந்த ஊரைப் பார்க்கப் போவதில்லை, ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியம் ஒவ்வொரு பதார்த்தமாகக் கொடுத்து அவர்களுக்குப் பாரிஸ் சுற்றிக் காட்டப் போகிறானாம். கிராணி இதை எனக்குத் தமிழில் சொன்னபோது ஏதோ தானே டிக்கெட் எடுத்துக் கொடுப்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். லயத்தில் அந்த வாரம் மூன்று பிள்ளைகள் வயிறு வீங்கிக் கிடந்தார்கள்.

முதல் ஞாயிறு வெங்காய சூப். துரைசாணி விட்டுப் போன சீஸ் டின் ஸ்டோர் அறையில் மூன்று இருந்தது. ரொட்டிக்குக் கோதுமை மாவு கிடைக்கவில்லை, கிழங்கு மாவில் சுட்டேன். வெங்காயத்தை ஒரு மணி நேரம் வெண்ணெயில் வதக்கினேன். அந்த வாசனை பங்களா மேட்டிலிருந்து இறங்கி லயம் வரைக்கும் போனதாம். பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் சொன்னாள்: “புள்ளைங்க எல்லாம் வாசல்ல வந்து நின்னுச்சிங்கடி.”

மேசையில் அதிகாரி எழுந்து நின்று பேசினான். பாரிசில் பெரிய மார்க்கெட் ஒன்று உண்டு, அங்கே மூட்டை சுமக்கிறவன் விடியற்காலையில் குடிக்கிற சூப் இது, அங்கே போகிறவன் இதில்தான் தொடங்க வேண்டும் என்றானாம், கிராணி பிறகு சொன்னான். ஆறு பேரும் கை தட்டினார்கள். மூட்டை சுமக்கிறவன் சாப்பாடாம். எங்கள் தோட்டத்தில் மூட்டை சுமந்தவன் என்ன குடித்தான் என்று ஒருத்தன் எட்டிப் பார்த்ததில்லை.

மிச்சம் விழுவதை வெளியே கொண்டுபோகக் கூடாது. அது அவன் போட்ட சட்டம். ஈ மொய்க்கும், நோய் பரவும் என்று, குசினிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னான். மண்வெட்டியும் நானே, குழியும் நானே. ஒரு சிப்பாய் பக்கத்தில் நிற்பான். போகும்போது மடியை உதறிக் காட்டச் சொல்வான். தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த மீனில் சூப் வைத்த அன்றைக்கு அரைச் சட்டி மீனை மண்ணில் கொட்டினேன். நத்தைகூட அப்படித்தான். லயத்தில் பசிக்கு உப்புப் போட்டு அவித்துத் தின்ற அதே நத்தையை, வெண்ணெயும் பூண்டும் போட்டு ஆக்கி, நாலு தின்றுவிட்டு மீதியைப் புதைக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை ஒரு அவித்த முட்டையை வாழையிலையில் சுற்றிக் கொண்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். கழுத்தை ஆட்டாமல் அந்த மேட்டை இறங்கி வந்தது இன்னும் கழுத்தில் வலிக்கிறது. மகள் அதை நக்கி நக்கித் தின்றாள். என் வீட்டுக்காரர் ஒரு விள்ளல்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

ஆறாவது வாரம் வாத்து. யான் என்ற ஊர் வயல்களிலிருந்து நான்கு வாத்து பிடித்துவரச் செய்திருந்தான் கிராணி. வாத்து சீக்கிரம் வேகாது. நெருப்பைக் குறைத்து, வடிகிற கொழுப்பை அள்ளி அள்ளி மேலே ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும். காலை பத்து மணி இருக்கும். லயத்துப் பக்கம் லாரி சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, இரண்டு மூன்று. கிராணி குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“என்னா ஐயா லோரி சத்தம்?”

“அரிசி லோரி. நீ வாத்தப் பாரு, கருகப் போவுது.”

நான் வாத்தைப் பார்த்தேன். அரிசி வந்திருக்கிறது என்று சந்தோஷம் வேறு. நடுவில் யாரோ கத்துவது போலக் கேட்டது. அரிசிக்கு வரிசையில் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பரிமாறி, கழுவி, எலும்பைப் புதைத்து, மடியை உதறிக் காட்டிவிட்டு நான் இறங்கி வந்தபோது லயத்தில் ஆம்பிளைச் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏத்திட்டுப் போயிட்டாங்கடி. நாப்பது பேரு. ஒன் வீட்டுக்காரரு ஒன்னக் கூப்புடச் சொல்லிக் கத்துனாரு. யாரையும் மேட்டுப் பக்கம் வுடல.”

பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அக்கா ஒரு நொடி என் கையையே பார்த்தாள். முழங்கை வரைக்கும் வாத்துக் கொழுப்பு. அவள் கணவனும் அந்த லாரியில்தான் போயிருந்தான்.

நான் திரும்ப மேட்டுக்கு ஓடினேன். கிராணி தன் வீட்டு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவனை முதல் முறையாக ‘நீ’ என்றேன்.

“நீ என்னா சொன்ன? லிஸ்டுல வராதுன்னு சொன்னியா இல்லியா?”

“கத்தாத. எண்ணிக்கை கொறஞ்சிடுச்சி. நாப்பது கேட்டாங்க. என் தம்பி பேரப் போடுன்னாங்க. நான் என்னா செய்ய?”

“அதுக்கு என் வீட்டுக்காரன் பேரா?”

“யாரு பேரையாவது போட்டுத்தான ஆவணும்?”

அவனுக்குத் தம்பி முக்கியம். அது எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் காலையில் குசினி வாசலில் நின்று, ‘அரிசி லோரி’ என்று சொன்னானே, அதுதான் ஆறவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஓடிப்போய் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருப்பேன். வாத்து கருகிவிடும் என்றுதான் அவன் சொன்னான்.

அடுத்த ஞாயிறு நோட்டுப் புத்தகத்தில் முட்டைப் புட்டிங். போக மாட்டேன் என்று படுத்துக் கிடந்தேன். சிப்பாய் வந்து கூட்டிப் போனான். சீனி, முட்டை, பால் எல்லாம் மேசையில் எடுத்து வைத்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. லயத்திலிருந்து மடியில் கட்டிக்கொண்டு போன மரவள்ளிக்கிழங்கை உப்புப் போட்டு அவித்தேன். உள்ளே போகும்போது மடியைப் பார்க்க ஒருத்தனும் இல்லை. துரைசாணியின் பூப்போட்ட பீங்கான் தட்டு ஏழு எடுத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு கிழங்கும் ஒரு பச்சை மிளகாயும் வைத்தேன். முள்ளும் கத்தியும் பக்கத்தில் வைத்து, நானே கொண்டுபோய்ப் பரிமாறினேன். கிராணியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

அதிகாரி தட்டைப் பார்த்துவிட்டு, “இது என்ன?” என்று மலாயில் கேட்டான்.

“இனி காமி பூஞ்ஞா மாக்கான், துவான்” என்றேன். இதுதான் எங்கள் சாப்பாடு என்று. பிறகு என் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோனதையும், கிராணி எனக்குக் கொடுத்த வாக்கையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அடிப்பான் என்று தெரிந்தேதான் போயிருந்தேன். சிப்பாயின் துப்பாக்கிக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் அடிக்கவில்லை. முள்ளால் ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டு, மெதுவாக மென்றான். நன்றாக இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டினான். சின்ன அதிகாரிகளிடம் ஏதோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஏதோ எழுதினான். என் புருஷனைப் பற்றி எழுதுகிறானோ என்று பைத்தியக்காரி மாதிரி நினைத்தேன். கிழங்குக்கு மலாயில் என்ன பேர் என்று கேட்டான். சொன்னேன். அதை எழுதி மூடிவிட்டு, “புட்டிங்?” என்றான்.

நான் குசினிக்குத் திரும்பிப் போய்ப் புட்டிங் செய்தேன். ஆமாம், செய்தேன். வீட்டில் பிள்ளை இருந்தாள். என்னையும் கொண்டுபோய்விட்டால் அவளுக்கு யார்? சீனியைக் கருக்கும்போது கண்ணீர் அதில் விழுந்து தெறித்து, கையெல்லாம் சுட்டது. ஏழு கிண்ணம் கவிழ்த்துக் கொண்டுபோய் வைத்தேன். ஏழும் வழித்துத் தின்னப்பட்டன. அன்றைக்குப் புதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் என்னை அறைந்திருந்தால் இத்தனை வருஷம் இப்படி எரிந்திருக்காது.

சில மாதத்தில் அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்தது. போகும்போது எனக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுத்துவிட்டுப் போனான். அதைக் கிணற்றில் போட்டேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருத்தர், எலும்பும் தோலுமாக, என் வாசலில் வந்து உட்கார்ந்தார். “பேதி கண்டுச்சி, தங்கச்சி. ரெண்டு நாள்தான். நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்றார். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

துரையும் துரைசாணியும் திரும்பி வந்தார்கள். பங்களாவைக் கட்டிக் காத்தது தான்தான் என்று கிராணி சொன்னான், அவர்களும் நம்பினார்கள். அவன் வேலை போகவில்லை. துரைசாணி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். எனக்கு வந்ததைக் கேட்டு, “பாவம், பாவம்” என்றாள். அப்புறம் ஸ்டோர் அறையைத் திறந்து பார்த்துவிட்டு, “சீஸ் டின் மூணு இருந்துச்சே, எங்க?” என்று கேட்டாள். திங்கட்கிழமையிலிருந்து குசினிக்கு வரச் சொன்னாள். எனக்குச் சமையல் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, பால் வெட்டப் போனேன். வெட்டுக்காட்டில் மழையிலும் கொசுக்கடியிலும் பதினெட்டு வருஷம். அந்தக் குசினிப் படியை நான் மறுபடி மிதிக்கவில்லை.

பிறகு மகளோடு சுங்கைப் பட்டாணிக்கு வந்துவிட்டேன். கிராணியும் வேலையை விட்டு நின்று, அதே ஊரில்தான் வீடு கட்டினான். அவன் செத்த அன்று அவன் தம்பி என் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது.

“அக்கா, அண்ணன் போயிட்டாரு. நீங்க ஒரு தரம் வந்து பாக்கணும்.”

“நான் ஏன் வரமாட்டேன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா. எனக்குப் பதிலா ஒங்க வீட்டுக்காரரு பேரப் போட்டத அண்ணன் கடைசியிலதான் சொன்னாரு. நாங்க என்னாக்கா செய்யறது இப்ப?”

அவன் அழுதான். அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்காரச் சொல்ல வாய் வரவில்லை.

“வரமாட்டேன், தம்பி. நீ போய் நடக்க வேண்டியதப் பாரு” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினேன்.