மூன்றாவது சாந்தி

மைக்கை ஊதிப் பார்க்கும் வழக்கம் கலாதேவிக்குக் கிடையாது. முந்தானையால் அதன் வாயைத் துடைப்பார், கண்ணை மூடுவார், தொடங்கிவிடுவார். ஊதுகிற வேலையெல்லாம் ஈப்போ கையுறைத் தொழிற்சாலையோடு சரி. அங்கே ரப்பர் கையுறைக்குள் காற்றை அடைத்து ஓட்டை தேடியே அவருக்குப் பாதி ஆயுள் ஓடிவிட்டது.

லகாட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எந்தக் கூட்டமும் அவர் குரலில்தான் முடியும். "ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி." முதலாவது தெய்வத்தால் வரும் துன்பம் தீர, இரண்டாவது பிறரால் வருவது தீர, மூன்றாவது நமக்குள்ளேயே இருக்கிற சண்டை தீர. மூன்றாவதை மட்டும் நீட்டிச் சொல்வார். "அதுக்குத்தான் காத்து ஜாஸ்தி வேணும்லா," என்பார். அந்த மூன்றாவது ஒலிக்கும்வரை கூட்டம் முடியாது; ஒலித்த பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. தோட்டக் காலத்திலிருந்தே இருக்கிற கட்டுப்பாடு.

இதைத்தான் கோயில் தலைவர் சுகுமாரன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆள் சாமர்த்தியசாலி. எவராவது ஏடாகூடமாகக் கேள்வி கேட்டால் போதும், கலாதேவி பக்கம் விரலைச் சொடுக்குவார். அக்கா தொடங்குவார், கேள்வி அடங்கிப்போகும். அரசமரத்தை ஏன் வெட்டினீர்கள், பூசாரியை ஏன் மாற்றினீர்கள், எல்லாம் இப்படித்தான் அடங்கின. மந்திரத்தைப் பூட்டாக்கிச் சாவியை ஜேப்பில் போட்டுக்கொண்ட மனுஷனை என்னவென்று சொல்வது! "மந்திரந்தானே, சொன்னா நல்லதுதானே," என்று இருந்துவிட்டார் கலாதேவி.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் விஷயமே வேறு. கோயில் நிலத்தில் வீடு கட்ட வந்திருக்கும் கம்பெனி, அம்மனைச் சிம்பாங் பூலாய் சாலையோரத்துக்கு மாற்றச் சொல்கிறது. ஏற்கெனவே தலையாட்டிவிட்ட தலைவர் கைப்பேசியைப் பார்த்துச் சாஸ்திரம் படித்தார். "எதிரி பலசாலின்னா சந்தி. நாம பலசாலின்னாத்தான் விக்கிரகம். அந்தக் கால ராஜாவுங்களே அப்படித்தான் இருந்தாங்க."

கலாதேவி எழுந்துவிட்டார். "என்னா தம்பி சொல்றீங்க? அம்மா விக்கிரகத்த நடுச்சந்தியில கொண்டு போயி நிறுத்தப் போறீங்களா?"

முன்வரிசையில் சிரித்தார்கள். "ஐயோ அக்கா, சந்தின்னா சமாதானம். விக்கிரகம்னா சண்டை. சமஸ்கிருதம்லா," என்றார் சுகுமாரன்.

கலாதேவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் உட்காரவில்லை. "மலாய்ல சிம்பாங்னா என்னா? சந்திதானே. அங்கதானே அம்மாவ நிறுத்தப் போறீங்க?"

சிரித்தவர்கள் குனிந்துகொண்டார்கள். பின்னாலிருந்து லாரி ஓட்டும் தர்மா கேட்டார். "சமாதானம்னா ரெண்டு பக்கமும் பேசணும்லா. நம்ம பக்கம் யாரு போயி பேசுனா, தலைவரே? எங்கள யாரு கேட்டா?"

தலைவர் தர்மாவைப் பார்க்கவே இல்லை. விரலைச் சொடுக்கினார். மைக் கலாதேவி கைக்கு வந்தது.

அவரைப் பெற்றவர்கள் காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, மாலையில் கல் சுமந்து கட்டிய கோயில். ஊரை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு சாந்தியும் வேண்டுமாம். வெட்கங்கெட்ட சாந்தி. இந்தத் தொண்டையை வைத்து இத்தனை நாள் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க, அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

முந்தானையால் மைக்கைத் துடைத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"ஓம் சாந்தி." கூட்டம் எழுந்து கைகூப்பியது.

"சாந்தி."

எல்லோரும் மூன்றாவதற்குக் காத்திருந்தார்கள். சுகுமாரன் கும்பிட்ட கையோடு திரும்பிப் பார்த்தார். கலாதேவி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், உதட்டை இறுக மூடிக்கொண்டார், மைக்கைத் தர்மாவிடம் நீட்டினார்.